வீட்டில் படுத்தால்

கேசரி போட்டிருக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது. ஆயுத பூஜைக்குப் போடுவார்கள், ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்தால் போடுவார்கள், மற்ற நாளில் மோர் ஊற்றினாலே பெரிய விஷயம். இன்றைக்கு முந்திரி வேறு. என் தட்டில் விழுந்த முந்திரியை அம்மா தட்டில் தள்ளினேன், அம்மா அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடும்மா என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன், சாப்பிட்டால் தொண்டையில் ஒட்டும், ஒட்டினால் இருமல் வரும், இங்கே இருமல் வரக் கூடாது, இன்றைக்கு வரவே கூடாது. மேடை என்று சொல்ல முடியாது, கேன்டீனின் அந்தக் கோடியில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டு நீலத் துணி விரித்திருக்கிறார்கள், அதன் பின்னால் எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் நந்தகோபால் சார், அவருக்குப் பக்கத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த ஜெரால்டு. ஜெரால்டு மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். நான் அங்கே, அந்த நீலத் துணிக்குப் பின்னால் நிற்க வேண்டியவள். ஹெச்.ஆர். அசிஸ்டென்ட் ரேணுகா, பி.காம். கழுத்தில் தொங்கும் அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சார் என்னைக் கீழே உட்காரச் சொல்லியிருக்கிறார், பசை ஒட்டும் செக்‌ஷன் பெண்களோடு, அம்மா பக்கத்தில். அம்மா பச்சைக் கோட்டும் தொப்பியும் போட்டிருக்கிறாள், நான் சுடிதார். பெஞ்சில் எல்லாப் பச்சைக்கும் நடுவில் நான் ஒருத்தி மஞ்சளாகத் தெரிவேன். அதற்காகத்தான் உட்கார வைத்திருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது, எங்கிருந்து பார்த்தாலும் என் கை தெரியும்.

“நீ மேடைல நின்னா கம்பெனி ஆளு. கீழ உக்காந்தா அவங்க பொண்ணு. புரியுதா ரேணுகா? நான் சம்மதமான்னு கேட்டதும் நீ முதல்ல கையத் தூக்கிடு. மத்தவங்க பாத்துத் தூக்கிடுவாங்க.” நேற்று அவருடைய அறையில் இதைச் சொல்லும்போது பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன். எடுக்காமல் இருந்தால் மரியாதை இல்லாததுபோல் ஆகும் என்று எடுத்தேன், எடுத்தபிறகு சரி என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது, உண்மையில் நான் சரி என்று சொல்லவே இல்லை, வாய் நிறைய பிஸ்கட் இருந்தது, தலை ஆடியிருக்கும், எனக்குத் தலை தானாக ஆடிவிடும். கல்லூரியிலும் அப்படித்தான், புரிந்ததா என்று கேட்டால் புரியாவிட்டாலும் ஆடும். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை, அங்கே எதற்குக் கேள்வி கேட்கலாம், எதற்குக் கேட்கக் கூடாது என்று சொல்லித்தர ஆள் இல்லை, அதனால் எதற்குமே கேட்காமல் இருந்துவிட்டேன். நல்ல பிள்ளை என்று பெயர் வந்தது. நல்ல பிள்ளை என்றுதான் இங்கேயும் எடுத்தார்கள். அடுத்த மாதம் பர்மனென்ட். சார் அதை நேற்று சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது, சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, மிரட்டுகிறார் என்று ஒரு கோபம் வந்திருக்கும். அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்து, இந்த மாதம் சீக்கிரம் ஓடிவிட்டது இல்லையா என்று மட்டும் கேட்டார்.

ஜெரால்டு பேசத் தொடங்கிவிட்டார். நல்ல மனிதர்போல்தான் இருக்கிறார். காலையில் வந்ததும் எனக்கு வணக்கம் சொன்னார், மேடம் என்றார், என்னை யாரும் மேடம் என்றதில்லை. “வணக்கம் அக்காங்களே. இனிமே உங்களுக்கு ஒடம்பு முடியலைன்னா ரெண்டு பஸ் மாறிப் போயி வரிசைல நிக்க வேணாம். கார்டக் காட்டுங்க, நேரா உள்ள போங்க. ஏசி ரூம்.” ஏசி என்றதும் பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. எதிரில் உட்கார்ந்திருக்கும் தேசம்மா அக்கா குனிந்து எங்கள் மேஜைக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறாள், “ஏசி ரூமாமே. எங்கூட்டுக்காரன் ஏசில படுத்தான்னா எழுந்தே வரமாட்டான். அப்பறம் எழுப்பறதுக்கு ஒரு ஆபரேசன் பண்ணணும்.” பெண்கள் சிரிக்கிறார்கள். அம்மாவும் சிரிக்கிறாள், சிரிப்பு தொண்டையில் இறங்கும்போது ஏதோ தட்டுப்படுகிறது, அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொள்கிறாள். குடிக்கவில்லை. உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். எது கடந்து போகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், தேசம்மா அக்காவுக்குத் தெரியாது. தேசம்மா அக்காவின் வீட்டுக்காரருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, செங்கல் சூளையில் குந்தியே வேலை செய்தவர். முட்டிக்கு இந்தப் புதுக் கார்டில் ஆபரேஷன் உண்டு, உடனே உண்டு, அதை நான்தான் ஸ்லைடில் தமிழில் எழுதினேன், அது பொய் இல்லை. அதனால்தான் இது கஷ்டமாக இருக்கிறது. எல்லாமே பொய்யாக இருந்தால் சுலபம். எது நல்லது என்று உன்னால் சொல்ல முடியுமா ரேணுகா, சொல்ல முடியாது, தேசம்மா அக்காவுக்கு இது நல்லது, அம்மாவுக்கு இல்லை, மற்றவர்களுக்கு, மற்றவர்களுக்கு இன்னும் என்ன வியாதி வரப்போகிறது என்று யாருக்குத் தெரியும்.

தொழிலாளர்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ், ஈ.எஸ்.ஐ., அதிலிருந்து கம்பெனி விலக்கு கேட்கப்போகிறது. அதற்குப் பதிலாகத் தனியார் இன்சூரன்ஸ். விலக்கு வேண்டுமென்றால் வேலை செய்கிறவர்களும் சம்மதித்தார்கள் என்று காட்ட வேண்டும், அதற்குத்தான் கேசரி, அதற்குத்தான் மைக், அதற்குத்தான் என் கை. இதை நான் மனசுக்குள் இப்படி மூன்று வரியில் சொல்லிவிடுகிறேன், இதே மூன்று வரியை வாயால் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். நாக்கு மேல்வாயில் ஒட்டியிருக்கிறது. கேசரி நெய். திரையில் இப்போது வருவது நான் செய்த ஸ்லைடு. ‘சம்பளப் பாதுகாப்பு உண்டு’ என்று பெரிய எழுத்தில். அதன் முடிவில் ஒரு சின்ன நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தையும் நான்தான் வைத்தேன். முதலில் நட்சத்திரம் இல்லை. முதலில் அந்த இடத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களுக்கு மட்டும், வீட்டில் ஓய்வெடுக்கும் நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, ஏற்கெனவே இருந்த வியாதி என்றால் முதல் சில வருடங்களுக்கு எதுவும் கிடையாது. இங்கிலீஷில் இருந்ததைத்தான் தமிழில் எழுதினேன், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. சார் படித்துப் பார்த்தார். நல்லா எழுதியிருக்கே என்றார். பிறகு அந்த வரியை அழித்தார். “இவ்வளவு வேணாம் ரேணுகா. பயந்துடுவாங்க. கேட்டா சொல்லிக்கலாம்.” அந்த இடம் வெறுமையாக இருந்தது எனக்கு ஒருமாதிரி இருந்தது, இங்கிலீஷில் நட்சத்திரம் இருக்கிறதே சார் என்றேன், சரி நட்சத்திரம் வெச்சுக்கோ என்றார். அவ்வளவுதான் நான் போராடி வாங்கியது. இப்போது அது திரையில் இருக்கிறது, ஒரு ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, ஓட்டிவிட்டால் போய்விடும் என்பதுபோல்.

கேட்டா சொல்லிக்கலாம். சார் பொய் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார், எனக்கு அவரைத் தெரியும், கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டார். ஜெரால்டும் சொல்லிவிடுவார், அவர் பையில் எல்லா நிபந்தனையும் அச்சடித்தே இருக்கிறது. யாராவது ஒருத்தர் கேட்டால் போதும். வீட்ல படுத்தா சம்பளம் உண்டா சார், இவ்வளவுதான், குழந்தைகூடக் கேட்கலாம். யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி, பதில் தெரிந்தவளும் நான்தான், தெரிந்தவள் கேட்டால் அது கேள்வியா. சார் என்னைப் பார்ப்பார். கோபமாகப் பார்க்க மாட்டார், ஆச்சரியமாகப் பார்ப்பார், அதுதான் தாங்க முடியாது, உன்னை எப்படி நினைத்தேன் என்பதுபோல். கல்லூரியில் பொருளாதாரம் எடுத்தவர் ஒருமுறை என்னைப் பார்த்து, உனக்கு ஏதாவது சந்தேகமா என்று கேட்டார். இருந்தது. எழுந்து நின்றேன். நின்றதும் என் செருப்பு ஞாபகம் வந்துவிட்டது, வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தேன், எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது, இல்லை சார் என்று உட்கார்ந்துவிட்டேன். ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவள் மகளுக்குச் செருப்பு அறுந்திருக்கிறதே என்று ஒருத்தி சிரித்தாள், அவள் கெட்டவள் இல்லை, எனக்கே சிரிப்பு வந்தது. இப்போது என் காலில் இருப்பது நல்ல செருப்பு. குனிந்து பார்த்துக்கொள்கிறேன். நல்ல செருப்புதான்.

அம்மாவின் கை மேஜைமேல் இருக்கிறது. விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் மாதிரி உரிகிறது, அதை இன்னொரு கை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருக்கிறாள், கவலையிருந்தால் அம்மா அப்படித்தான் செய்வாள், இல்லாவிட்டாலும் செய்வாள். அந்தப் பசை நெடி எங்கள் வீட்டில் எல்லாவற்றிலும் இருக்கும், தலையணையில் இருக்கும், எனக்கு அதுதான் அம்மா வாசனை. நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரே ஒரு காலம் அந்த வாசனை போயிருந்தது. அம்மா வீட்டில் படுத்திருந்த காலம். டி.பி. என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை, சேர்க்க வேண்டியதில்லை என்றார்கள், மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டு வீட்டில் படுத்திருந்தால் சரியாகும் வியாதி. அதுதான், அதுதான் விஷயமே, அது வீட்டில் படுத்துக் குணமாக வேண்டிய வியாதி. மாத்திரை போட்ட முதல் வாரத்தில் அம்மாவுக்கு ஒன்றுக்குச் சிவப்பாகப் போயிருக்கிறது, ரத்தம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை, செத்துப்போகப் போகிறோம் என்று முடிவுசெய்து என் சான்றிதழ்களை எல்லாம் ஒரு பாலிதீன் பையில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள். அது மாத்திரையின் நிறம் என்று நர்ஸ் சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு. அந்த மாதங்களில் அம்மாவுக்குச் சம்பளம் வந்தது. முழுதாக இல்லை, ஆனாலும் வந்தது, படுத்திருந்தவளுக்கு வந்தது. ஈ.எஸ்.ஐ. டாக்டர் எழுதிக் கொடுக்கக் கொடுக்க வந்தது. தெருவில் சொன்னார்கள், பச்சையம்மாவுக்கு என்ன, படுத்துக்கினே சம்பளம் வாங்கறா என்று. அம்மா அதற்கு வெட்கப்பட்டாள், விருந்தாளிபோல் ஓரமாகப் படுத்திருப்பாள், யாராவது வந்தால் எழுந்து உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொள்வாள், வேலை செய்கிறாற்போல் தெரியட்டும் என்று. அப்பா அதற்கு முந்தியே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார், போனில் மட்டும் இருந்தார். அந்தச் சம்பளம் வராமல் இருந்திருந்தால் நான் பசை செக்‌ஷனில் அம்மா இடத்தில் நின்றிருப்பேன். பச்சைக் கோட்டு போட்டு இதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், யார் முதலில் கை தூக்குவார்கள் என்று பார்த்துக்கொண்டு.

இப்போது மறுபடியும் இருமுகிறாள். மாதக்கணக்கில் இல்லை, கொஞ்ச நாளாகத்தான், தூசி என்கிறாள், தோல் உரசுகிற மெஷினைப் பக்கத்தில் மாற்றிவிட்டார்கள், அந்தத் தூசி என்கிறாள். இருக்கலாம். தூசியாகவும் இருக்கலாம். சளியைக் காட்டிப் பார்க்கலாம் வா என்றால், லீவு போட்டால் இந்த மாதம் வருகைப் பணம் போய்விடும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறாள். அடுத்த மாதம் என்றால் என்ன நடக்கும், அடுத்த மாதம் நான் பர்மனென்ட், அடுத்த மாதம் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று தெரியும், அல்லது தெரியாது. வீட்டுக்குள் நுழைந்தால் நான் முதலில் அம்மாவின் தலையணை உறையைப் பார்க்கிறேன். அவளுக்குத் தெரியாமல் பார்க்கிறேன், அவளும் எனக்குத் தெரியாமல் துவைத்துப் போட்டுவிடுகிறாள். இத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாளே, இவர்களுக்கும் வந்துவிடுமோ என்றும் ஒரு நினைப்பு வருகிறது, அந்த நினைப்பு வரும்போது அம்மா எனக்கு அந்நியமாகிவிடுகிறாள், ஒரு நொடி, பிறகு எனக்கே என்மேல் அருவருப்பு. தேசம்மா அக்கா அம்மாவின் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போகிறாள். அம்மா சட்டென்று டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். “இதுல கேசரி கையி வெச்சிட்டேன், வேற எட்துக்கோ.” அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தூசி இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் டம்ளரையே பார்க்கிறேன். அதில் கேசரி எதுவும் ஒட்டவில்லை.

காலையில் பஸ்ஸில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் எங்களுக்குக் கடைசிக்கு முந்தின சீட், அம்மா ஜன்னல் பக்கம், காற்று முகத்தில் அடித்தால் இருமல் அடங்குகிறது என்று. நான் மெதுவாகச் சொன்னேன், இந்தப் புதுக் கார்டு எப்படி என்று. அம்மா கேட்டது இரண்டே கேள்வி. “வூட்ல படுத்தா?” இல்லம்மா என்றேன். “ஆஸ்பத்திரில படுத்தா?” பழைய வியாதின்னா கொஞ்ச வருஷத்துக்கு அதுவும் இல்ல என்றேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், வயல் எல்லாம் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள், அதையே பார்த்தாள். எங்கள் கம்பெனியிலேயே முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் என் அம்மா, பஸ்ஸில், என்னிடம், மைக் இல்லாமல். அப்புறம் நான் இன்னொன்றும் சொல்லிவிட்டேன், என்னை முதலில் கை தூக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று. ஏன் சொன்னேன், என்ன பதில் வேண்டும் என்று சொன்னேன், தூக்காதே என்று அவள் சொல்ல வேண்டும் என்றா, தூக்கு என்று சொல்ல வேண்டும் என்றா, அவள் எதைச் சொன்னாலும் அது அவள் சொன்னதாகிவிடும், நான் தப்பித்துக்கொள்ளலாம், அதற்காகத்தான் சொன்னேன். அம்மா இரண்டையும் சொல்லவில்லை. “உன்னிய பர்மென்ட் பண்றது எப்போ?” “அடுத்த மாசம்மா.” “ம்.” பிறகு ஒரு பெரிய திருப்பம் வந்தது, பஸ் சாய்ந்தது, தேசம்மா அக்கா முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னா ரேணு, ஆத்தாளும் மவளும் ரகசியம் பேசறீங்கோ. மீட்டிங்ல இன்னா செய்யணும், நீயே சொல்லு. நாங்க இன்னாத்த கண்டோம். நீ தூக்கினா தூக்கறோம், நீ தூக்கலன்னா எங்களுக்கும் கையி நோவுது.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தலை ஆடியது. பார், அதுவும் தானாக.

ஜெரால்டு முடித்துவிட்டார். கைதட்டல். “ஏதாவது கேள்வி இருந்தா கேளுங்க அக்கா, கூச்சப்படாம கேளுங்க.” மைக்கை எங்கள் பக்கமாக நீட்டிப் பிடிக்கிறார். உண்மையாகத்தான் கேட்கிறார், அவர் முகத்தில் சூது இல்லை. பின்னால் ஒருத்தி, மாமியாரையும் சேத்துக்கலாமா என்கிறாள். சேர்க்கலாம், தனியாகக் கொஞ்சம் கட்ட வேண்டும் என்கிறார். “அப்ப வேணாம் உடு” என்கிறாள் அவள், கேன்டீன் முழுக்கச் சிரிப்பு. நல்ல சிரிப்பு, மத்தியான வெயில், தலைக்குமேல் காற்றாடி ஒன்று மட்டும் கிறீச் கிறீச் என்று. வேறு கேள்வி? இப்போது. எழு. வீட்ல படுத்தா சம்பளம் உண்டா சார். ஆறேழு சொல்கூட இல்லை. வீட்ல என்று தொடங்கவா, சார் என்று தொடங்கவா. சார் என்று தொடங்கினால் குரல் நடுங்காது. சார், ஒரு சந்தேகம். சந்தேகம் என்று சொல்லாதே, சந்தேகம் என்றால் அவரைச் சந்தேகப்படுவதுபோல் இருக்கும். சார், இன்னொரு விஷயம் மட்டும். என் முட்டி மேஜையின் அடிப்பலகையில் இடிக்கிறது, அப்படியென்றால் நான் எழத் தொடங்கியிருக்கிறேன். தொடங்கியிருக்கிறேனா. பெஞ்சு இரண்டு ஆள் கனத்தில் நகராமல் இருக்கிறது, பெஞ்சைப் பின்னால் தள்ளினால்தான் எழ முடியும், தள்ள வேண்டுமென்றால் அம்மாவும் எழ வேண்டும், அம்மாவை எழுப்பாமல் நான் எழ முடியாது. மறுபடியும் உட்காருகிறேன். இல்லை, உட்கார்ந்தேதான் இருந்தேன். கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தபிறகும் தேசம்மா அக்கா தூக்கலாம், அவளுக்கு முட்டி இருக்கிறது, அது அவள் இஷ்டம், தெரிந்து தூக்கினால் அது அவள் கை. தெரியாமல் தூக்கினால் அது என் கை. இவ்வளவு தெளிவாக எனக்கு எதுவும் இதற்கு முன் புரிந்ததில்லை, புரிந்துகொண்டு நான் மேஜைக்கு அடியில் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விளிம்பில் எப்போதோ யாரோ ஒட்டிய பசை கட்டியாக இருக்கிறது, அதை நகத்தால் கிள்ளுகிறேன், அம்மாவைப்போல.

“சரி, வேற கேள்வி இல்லைன்னா,” நந்தகோபால் சார் மைக்கை வாங்கிவிட்டார், “உங்க நல்லதுக்குத்தான் கம்பெனி செய்யுது. கட்டாயம் ஒண்ணும் இல்ல. சம்மதம் உள்ளவங்க கையத் தூக்குங்க.” ஃபோன் வைத்துக்கொண்டு ஒருவன் படம் எடுக்கத் தயாராக நிற்கிறான். யாரும் தூக்கவில்லை. சத்தம் நின்றுவிட்டது, காற்றாடி மட்டும். சார் என்னைப் பார்க்கிறார். அவசரப்படவில்லை, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் புன்னகையோடு பார்க்கிறார். அவர் பார்க்கிற திசையைப் பார்த்து எல்லோரும் பார்க்கிறார்கள், பச்சைத் தொப்பிகள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, தேசம்மா அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளைப் பார்க்கிறாள், கை அங்கிருந்துதானே கிளம்ப வேண்டும். நான் தூக்கவில்லை. தூக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம், கை வரவில்லை, தலை ஆடிய மாதிரி கையும் தானாகப் போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன், அது போகவில்லை, கனமாகக் கீழேயே கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் இப்படியே இருந்தால் போதும். இன்னும் கொஞ்சம் யாரும் தூக்காமல் இருந்தால் சார் ஏன் என்று கேட்பார், ஏன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும், கேட்டால் சொல்லிவிடுவேன், என்னையும் யாராவது கேட்டால் போதும். சாரின் புன்னகை மெல்ல வடிகிறது. அவர் உதடு அசைகிறது, ரேணு என்று என் பெயரின் முதல் பாதிபோல் இருக்கிறது. என் பக்கத்தில் கோட்டுத் துணி உரசும் சத்தம். அம்மாவின் கை மேலே போகிறது. பசை உரிந்த விரல்கள், கோட்டு நழுவித் தெரிகிற மெலிந்த மணிக்கட்டு, கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை ரப்பர் பேண்டு. வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கும் பிள்ளைபோல் நேராக, உயரமாகத் தூக்கியிருக்கிறாள், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

தேசம்மா அக்கா ஒரு நொடி அம்மாவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள், பிறகு தூக்குகிறாள். அவளுக்குப் பின்னால் உள்ள பெஞ்சு, அதற்குப் பின்னால் உள்ள பெஞ்சு, மழை வருவதுபோல் அந்தக் கோடிவரை சத்தம் போகிறது. சார் நிமிர்கிறார். ஃபோன்காரன் எடுக்கத் தொடங்கிவிட்டான். அம்மா, ஏம்மா, என்கிறேன், சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. அம்மா என்னைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்துக்கொண்டே பல்லுக்கு நடுவில் பேசுகிறாள். “அந்தாளு உன்னியே பாக்கறான். தூக்குடி.” மேஜைக்கு அடியில் அவளுடைய இன்னொரு கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துவிட்டது. மேலே இழுக்கிறாள். எனக்கு அவ்வளவு பலம் உண்டு என்று தெரியாது, நான் இழுக்கவிடாமல் கீழேயே பிடித்திருக்கிறேன், இரண்டு கைகளும் மேஜைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. படுத்தா நான் பாத்துக்கறேன், என்கிறாள். யார் பார்த்துக்கொள்வது, எதைவைத்துப் பார்த்துக்கொள்வது, அவள் படுக்க மாட்டாள் என்று அர்த்தம், படுக்காமலே இருந்துவிடுவாள், நின்றுகொண்டே பசை ஒட்டிக்கொண்டு, அதுதான் அதற்கு அர்த்தம். அந்தக் கோடியில் எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள், யாரும் கையை இறக்காதீங்க என்கிறார் ஜெரால்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து எங்கள் வரிசைக்கு வந்துகொண்டிருக்கிறார். அப்போதுதான் அது கிளம்புகிறது. என் கையைப் பிடித்திருக்கும் அவள் கை வழியாகவே எனக்குத் தெரிகிறது, அடியிலிருந்து ஏறிவரும் அந்த அதிர்வு. அம்மா உதட்டைக் கடிக்கிறாள், கண் பிதுங்கி ஈரமாகிறது. ஒரு கை மேலே இருக்கிறது, இறக்க மாட்டாள். ஒரு கை என்னைப் பிடித்திருக்கிறது, விட மாட்டாள். வாயைப் பொத்த அவளுக்குக் கை இல்லை. ஜெரால்டு இரண்டு பெஞ்சு தள்ளி நிற்கிறார். என்னிடம் இன்னும் ஒரு கை இருக்கிறது. அதைத் தூக்குகிறேன், தூக்கி அம்மாவின் வாயை இறுகப் பொத்துகிறேன். உள்ளங்கைக்குள் இருமல் இடிக்கிறது, சூடாக, ஈரமாக, சத்தமே இல்லாமல். கையை எடுத்துப் பார்க்கவில்லை. ஜெரால்டு எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அம்மாவின் தூக்கிய கையை எண்ணிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போகிறார்.